விடுதிக்குப் போகும் பிள்ளை

(பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவ மாணவியருக்காக நமது அறக்கட்டளை தென்காசியில் நடத்திய கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





எந்தப் படிப்பு படிக்கலாம், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு அடுத்த விஷயத்தைப் பேசப் போகிறேன். இடம் கிடைத்துவிடுகிறது. மார்க் இருக்கிறது. பீஸ் கட்ட அறக்கட்டளை உதவுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கேள்வி வருகிறது: "ஹாஸ்டலா? அதெல்லாம் நமக்குச் சரிப்படாது." அந்த ஒரு சொல்லோடு எத்தனையோ படிப்பு நின்று போயிருக்கிறது. என் வீட்டிலேயே நின்று போனது. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1981 ஜூலை மாதம். பிளஸ் டூ வந்த புதிது. அதன் இரண்டாவது வருடத்துப் பிள்ளைகள் நாங்கள். அன்றைக்கு நெல்லையில் பல்கலைக்கழகம் கிடையாது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல்தான் வந்தது. எங்கள் பட்டங்களில் எல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். எனக்கு இடம் கிடைத்த கல்லூரி திருநெல்வேலியைத் தாண்டி, கிழக்கே, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. பெயர் சொல்லவில்லை. கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குச் சோறு போட்ட இடத்தைப் பெயர் சொல்லிக் குறை பேச மனம் வரவில்லை.

இங்கே சாரல் தொடங்கிய நேரம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. நான் தகரப் பெட்டியும் பாயும் ஒரு வாளியுமாக மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினேன். திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் இறங்கினால், கண்ணுக்கு எட்டிய வரை உடைமரமும் செம்மண்ணும்தான். காற்று அடித்தால் வாயில் மண் கடிபடும். ஒரு நாளைக்கு இரண்டே பஸ். அறுபது பையன்கள் தங்கிய சின்ன விடுதி. குளிக்க ஒரு கிணறு. எங்கள் ஊரில் சாரலில் நனைந்த சட்டை காயாமல் கிடக்கும். அங்கே வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே ரமளான் பிறை தெரிந்துவிட்டது. அறுபது பேரில் நாங்கள் நான்கு பேர் முஸ்லிம்கள். அந்த நான்கு பேரும் யார் யார் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிலேயே சஹர் செய்தேன். மூன்றாவது நாள் ராத்திரி யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் விடுதிச் சமையல்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "ஏலே, நோன்பு பிடிக்கிற பயலா நீ? வெறும் பன்னைத் தின்னுட்டு இந்த வெயில்ல எப்படிலே கிடப்ப? நான் வருஷா வருஷம் பொட்டல்புதூர் கந்தூரிக்குப் போறவன், எனக்கு இது தெரியாதா?" என்றார். அன்றிலிருந்து பெருநாள் வரைக்கும் சுடுசோறும் ரசமும் துவையலும் நான்கு பேருக்கும் காத்திருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. கூலியும் கூட்டிக் கொடுக்கவில்லை. அவர் மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டினார்.

அதே விடுதியில்தான் இன்னொன்றும் நடந்தது. சீனியர்கள் சிலர் ராத்திரி மொட்டை மாடிக்குக் கூப்பிடுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். பாடச் சொல்வார்கள். நோன்பு வைத்த உடம்பு, இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். யாரிடம் சொல்வது என்று தெரியாது. விடுதிக் காப்பாளர் சாயந்தரமே வீட்டுக்குப் போய்விடுவார். இன்லண்ட் லெட்டரில் வாப்பாவுக்கு எழுதினேன், கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன்.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சாப்பாடு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். உம்மா அழுதார்கள். வாப்பா ஒன்றும் பேசாமல் என்னைத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு சொன்னார்கள்: "இன்னும் ஒரு மாசம் இருந்து பாரு. முடியலேன்னா ஒரு கார்டு போடு. நானே வந்து பெட்டியைத் தூக்கிட்டு வாரேன். யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் கார்டு போடவில்லை. போடலாம் என்ற அனுமதி இருந்ததால்தான் போடாமல் இருக்க முடிந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன். "போனா போனதுதான், திரும்பி வந்தா மானம் போயிரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, அல்லாஹ்தான் அறிவான்.

அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பழகியது. சின்ன விடுதியில் ஒரு நன்மை உண்டு. ஒருவன் சாப்பிட வரவில்லை என்றால் அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் அறையில் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன் ஒருவன், கடற்கரை ஊர்க் கிறிஸ்தவப் பையன் ஒருவன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கரிசல்காட்டுக்காரன் இரவல் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து டாக்டரிடம் மிதித்துக்கொண்டு போனான். நான் அறையின் ஓரத்தில் தொழும்போது கடற்கரைக்காரன் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பான். நானும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சர்ச்சுக்குக் கிளம்ப அவனை எழுப்பிவிடுவேன். யாரும் எங்களுக்கு மத நல்லிணக்கப் பாடம் நடத்தவில்லை. ஒரு வாளியை மூன்று பேர் பங்கு போட்டால் அது தானாக வந்துவிடுகிறது.

இது நமக்குப் புதிதா?

வீட்டை விட்டுப் போய்த் தங்கிப் படிப்பது ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். மஸ்ஜிதுன் நபவியின் ஒரு பகுதியில் நிழல் போட்டு, வீடு வாசல் இல்லாத தோழர்கள் தங்கியிருந்த இடம்தான் சுஃப்பா. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அங்கே தங்கி, பல நாள் பசியோடு இருந்து கற்றவர்கள். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் ஷாம் நாட்டு மாணவர்களுக்கு ஒன்று, மக்ரிப் நாட்டு மாணவர்களுக்கு ஒன்று என்று தனித்தனித் தங்குமிடங்கள் இருந்தன. அவற்றுக்கு ரிவாக் என்று பெயர். சர் சையது அகமது கான் 1875-இல் அலிகாரில் கல்விச்சாலை தொடங்கியபோதும், மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிப்பதை அதன் உயிர்நாடியாக வைத்தார்.

நம் பக்கத்து உதாரணம் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துப் பையன், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய் விடுதியில் தங்கியபோது வீட்டு நினைவில் தவித்தவர். 1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரோடு அறையில் இருந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும். மூன்றாவது வருடத்தில் அந்த விடுதியின் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக இருந்தவரே கலாம்தான். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் போல் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

கலாமைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு.

என் தங்கச்சி

என் மெஸ் பில் மாதம் நூற்று முப்பது ரூபாய்க்குக் குறையாது. வாப்பாவின் வருமானத்தில் அது முடியாது. உம்மாவும் தங்கச்சியும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து மஃரிப் வரை சுற்றுவாள், பிறகு படிப்பாள். எனக்கு வந்த மணியார்டரில் பாதி அவள் விரல் உழைத்த காசு.

1984-இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நான் எடுத்ததைவிட அதிக மார்க். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதத்துக்கு இடமும் கிடைத்தது. ஆனால் விடுதியில் தங்க வேண்டும். வீட்டில் வாப்பா, பெரிய வாப்பா, மாமா எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். யாருக்கும் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை. கடைசியில் வாப்பா சொன்னார்கள்: "ஹாஸ்டல்ல இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனைக் கேப்போம்."

நான் "வேண்டாம்" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன காரணங்கள் இவை: தண்ணீர் கஷ்டம், சாப்பாடு சேராது, அவளால் தாங்க முடியாது. இத்தனை வருடம் கழித்து உண்மையைச் சொல்கிறேன். தெருவில் யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒன்று. நான் அப்போது பி.எட். சேர இருந்தேன், இரண்டு பேருக்கும் எங்கிருந்து பணம் வரும் என்ற கணக்கு இன்னொன்று. அந்தக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நான் பட்டதை அவளும் படக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே விடுதியில் மூன்றரை மணிக்கு எழுந்து சோறு பொங்கிய அண்ணாச்சியை நான் அன்றைக்கு நினைக்கவில்லை. சைக்கிள் மிதித்த கூட்டாளியை நினைக்கவில்லை. கெட்டதை மட்டும் எடுத்து வைத்து நியாயம் சொன்னேன்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சுளகை எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் கல்யாணம் முடிந்தது.

அவளுடைய மகள் நம் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் படித்தாள். 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. தென்காசியிலும் சுற்று ஊர்களிலும் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிப் பெண் அங்கே படித்தவளாகத்தான் இருப்பாள். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வரலாம் என்பதால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. வெளியூர்ப் பெண் பிள்ளைகள் அந்தக் கல்லூரியை நம்பி வந்து தங்கிப் படிக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே!

போன வருடம் அந்த மகளின் மகளுக்கு, அதாவது என் தங்கச்சியின் பேத்திக்கு, வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் கல்லூரி. விடுதியில்தான் தங்க வேண்டும். மறுபடி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். "ஹாஸ்டலா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். என் தங்கச்சி அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "அண்ணனுக்குத்தான் ஹாஸ்டலைப் பத்தித் தெரியும். அவங்களையே கேளுங்க."

நாற்பது வருடம் கழித்து அதே கேள்வி. அவள் குத்திக் காட்டினாளா, சாதாரணமாகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. "நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றேன். தங்கச்சியும் கூட வந்தாள். பேத்தியின் அறையில் கட்டில், மேஜை, ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் அதிகம் பேசவில்லை. தென்காசி வந்ததும், "ஜன்னல் பக்கம் மேஜை, வெளிச்சம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. விசாரித்து அனுப்புங்கள். சேர்க்கும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். காப்பாளர் ராத்திரியில் விடுதியிலேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். தண்ணீர், கழிப்பறை, விளக்கு மூன்றையும் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உடம்புக்கு முடியவில்லை என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெஸ் பில் மாதத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்ததா, ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்று கேளுங்கள். சஹர் நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்று தயங்காமல் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வழி செய்து கொடுப்பார்கள்.

ராகிங்கைப் பற்றிய பயம் நியாயமானது. 1996-இல் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதை வெறும் கையெழுத்தாக நினைக்காதீர்கள், படித்துப் பாருங்கள். ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது. மனம் சோர்ந்தால் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. நான் கிழித்துப் போட்ட கடிதத்துக்குப் பதிலாக இன்றைய பிள்ளைக்கு இத்தனை வழி இருக்கிறது. இரண்டு எண்ணையும் பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

பணத்துக்கும் வழி உண்டு. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அரசு விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்களே, அவைதான். வருமான வரம்பு உண்டு. வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் அந்தத் தூர விதி பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு

கண்ணுகளா, முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். அழுகை வந்தால் அழுங்கள். அது பலவீனம் இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஆனால் யாராவது அடித்தாலோ, அசிங்கப்படுத்தினாலோ ஒரு நாளும் பொறுக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டு நினைவைப் பொறுக்கலாம், அநியாயத்தைப் பொறுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நான் அன்றைக்குத் தவித்தேன்.

சுபுஹுக்கு எழும்பும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தொழுகையும் கிடைக்கும், வரிசை இல்லாமல் தண்ணீரும் கிடைக்கும். உங்கள் துணியை நீங்களே துவையுங்கள். செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். சமையல்காரருக்கும் காவலாளிக்கும் முதலில் சலாமோ வணக்கமோ நீங்கள் சொல்லுங்கள். அறைக்கூட்டாளி என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்காதீர்கள். காய்ச்சல் வந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவன் அவன்தான்.

அடுத்த வருடம் நீங்கள் சீனியர். புதிதாகப் பெட்டியோடு ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றால், போய் அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள்.

கடைசியாக, வீட்டில் மூத்த பிள்ளைகளாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்துவிட்டால் உங்கள் பேச்சுக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்துவிடும். தம்பி தங்கச்சியின் படிப்பு உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் நிற்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையிடம் போய், "உனக்கு என்ன ஆசை?" என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், தங்கும் இடத்தில் பாதுகாப்பையும், நல்ல கூட்டாளிகளையும் அல்லாஹ் தந்தருள்வானாக! அவர்களுக்காக உழைக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் அதன் நற்கூலியைக் குறைவில்லாமல் கொடுப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.